விளையாட்டின் பின்னால் ஓடுகிறவள்

நற்றிணையின் 110ஆம் பாடலைத் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் எப்படியும் ஒருமுறை தேர்வுக்காகவாவது படித்திருப்பார்கள். போதனார் பாடியது, பதின்மூன்று அடி. செல்வ வீட்டுச் சிறுமி ஒருத்தி. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, மறுகையில் நுனி மெத்தென்ற சிறு கோலை ஓங்கிக்கொண்டு, குடி குடி என்று நரைத்த தலையுடைய செவிலியர் அவளைத் துரத்துகிறார்கள். காற்சிலம்பு ஒலிக்கத் தாவி அவள் பந்தலுக்குள் ஓடிவிடுகிறாள். செவிலியர் ஓடமுடியாமல் நின்றுவிடுகிறார்கள். அதே சிறுமி இப்போது மணமாகிப் போன இடத்தில் வறுமை. அப்பன் வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்க்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை சாப்பிட்டுக் குடும்பம் நடத்துகிறாள். இவ்வளவு பக்குவத்தை இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று பாட்டு வியக்கிறது.

பாடலை நற்றாய் கூற்றாகவோ, மகள் வீட்டைப் பார்த்துவந்த செவிலி கூற்றாகவோ கொள்வது வழக்கம். யார் கூற்றாக இருந்தாலும் நம் வகுப்பறைகளில் அது ஒரே விதமாகத்தான் நடத்தப்படுகிறது: தலைவியின் இல்லற மாண்பு. ஐந்து மதிப்பெண் வினா. விளையாட்டுப் பிள்ளை பொறுப்புள்ள மனைவியானாள், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டில் ‘மறு’ என்ற வினை இரண்டு முறை வருகிறது. முதலில் சிறுமி சொன்னதைக் கேட்க மறுக்கிறாள். கடைசி அடியில் வேளையை மறுத்து உண்கிறாள். முதல் மறுப்பு விளையாட்டு, இரண்டாவது கற்பு. பாலை வேண்டாம் என்று ஓடிய அதே உடல்தான் இப்போது சோற்றை வேண்டாம் என்று அடங்கியிருக்கிறது. பெண் குழந்தையின் பிடிவாதத்தை அப்படியே எடுத்து அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டு, அதைப் பக்குவம் என்று பாராட்டுகிறது மரபு. போதனார் இதை அறிந்தே எழுதினார் என்பது என் எண்ணம். அறியாத கவிஞர் அதே சொல்லை அங்கே கொண்டுபோய் வைக்கமாட்டார்.

எங்கே கற்றாள் என்ற கேள்விக்குப் பாட்டிலேயே பதில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவள் இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. செவிலியர் என்று பன்மையில் வருகிறதே, எத்தனை பேர், அவர்களுக்கு யார் பால் கொடுத்தது என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “எங்கம்மா பால்வாடி ஆயா மிஸ். கிண்ணத்தோட ஓடுறதுதான் அவங்க வேலை. வீட்டுக்கு வந்து நாங்க தின்ன மிச்சத்தத்தான் தின்பாங்க” என்றாள். தான் பட்டினி கிடந்து பிறருக்கு ஊட்டுவது எப்படி என்று அந்தச் சிறுமி வேறெங்கும் போய்க் கற்கவில்லை. கிண்ணத்தோடு தன் பின்னால் ஓடிவந்த கிழவிகளிடம் கற்றாள். பாட்டின் ஏழாவது அடியில் மூச்சுவாங்க நின்றுவிடுகிற அந்தப் பெண்களைப் பற்றி எட்டாவது அடியிலிருந்து ஒரு சொல்லும் கிடையாது.

குழந்தையின் விளையாட்டைக் கொண்டாடும் நம் இலக்கியத்தில் இந்த விடுபடல் அங்கங்கே தென்படும். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, குறுகுறு நடை நடந்து நெய்ச்சோற்றில் கைவிட்டுத் துழாவி மேலெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து மயங்குகிறான். அழகான பாட்டு. சிதறிய சோற்றைத் துடைத்தது அரசன் இல்லை. பிள்ளைத்தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தையோடு விளையாடும் தாயின், செவிலியின் குரலையே ஆண் புலவர்கள் எடுத்துக்கொண்டு ஓர் இலக்கிய வகையாக்கினார்கள். கடைசி மூன்று பருவங்களில் விளையாட்டு பால்பிரிந்து போகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இதில் சிற்றில் என்பது பெண் குழந்தைகள் கட்டிய மணல்வீட்டை அவன் வந்து காலால் சிதைப்பது. அவர்கள் கெஞ்சுவது பாட்டு. வீடு கட்டுவது அவர்கள் விளையாட்டு, இடிப்பது அவன் விளையாட்டு. பருவத்தின் பெயர் மட்டும் அவனுடைய பிள்ளைத்தமிழுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் கிண்டியில் திரும்பிய பக்கமெல்லாம் ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்ற சொல்லைப் பார்க்கிறேன். மழலையர் பள்ளிப் பலகையில், அரசின் பயிற்சிக் கையேட்டில், நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்து விளம்பரத்தில். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையான ஐந்தாண்டுகளை அடிப்படைப் பருவம் என்று பிரித்து, அதில் விளையாட்டும் செயல்பாடுமே வழி என்றது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு தமிழ்நாட்டுக்கு உள்ள பிணக்கு வேறு கதை. இந்த ஓர் அம்சத்தில் தமிழ்நாடு முன்னாலேயே நடந்துகொண்டுதான் இருந்தது. நம் அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயர் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’.

கருத்தை நான் எதிர்க்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையின் விரலில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் எழுத வைப்பது வன்முறை. மணலை அள்ளிக் கொட்டும்போதே அது அளவைக் கற்கிறது. சொப்புச் சாமானைப் பரப்பிப் பேரம் பேசும்போது மொழியும் கணக்கும் அடுத்தவர் மனமும் சேர்ந்தே அதற்குப் பிடிபடுகின்றன. என் கேள்வி அந்தத் தலைப்பின் இலக்கணத்தைப் பற்றியது. ‘விளையாடு’ ஏவல் வினை. ‘பாப்பா’ விளி. ஏவுகிறவள் யார்? ஆடியும் பாடியும் காட்டி, பொம்மையைப் பரப்பி, மறுபடி பொறுக்கி, நடுவில் ஒருவன் சட்டையை நனைத்துக்கொண்டால் மாற்றிவிட்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் யார்? தோன்றா எழுவாய்.

விளையாட்டு வழிக் கல்வியின் நூல்கள் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. மனப்பாடம் மலிவானது. ஒரு கரும்பலகை, ஒரு குச்சி, ஒரு குரல் இருந்தால் நாற்பது குழந்தைகளை உட்காரவைத்துவிடலாம். விளையாட்டு அப்படி இல்லை. மூலைக்கு ஒரு கண் வேண்டும், விழுந்தவனைத் தூக்க ஒரு கை வேண்டும், தனியாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறவளைக் கவனிக்க ஒரு மனம் வேண்டும். குச்சியைப் பிடுங்கியது நல்லது. பிடுங்கிய இடத்தில் இன்னொரு ஆளை வைத்திருக்க வேண்டும். குச்சி செய்த வேலையையும் சேர்த்து இப்போது அதே பெண்ணின் உடம்புதான் செய்கிறது.

2023 மே மாதம் ஒன்றிய அரசு அங்கன்வாடிகளில் கல்வியை வலுப்படுத்த ஒரு திட்டம் தொடங்கியது. இந்தியில் ‘போஷண் பீ, படாயீ பீ’. சத்துணவும் படிப்பும் என்று பொருள். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது எண்ணும்மை. 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே ஆறு ‘உம்’கள் இருந்தன. இணை உணவும், தடுப்பூசியும், உடல்நலப் பரிசோதனையும், மேல்சிகிச்சைக்குப் பரிந்துரையும், தாய்மார்களுக்கு நலக்கல்வியும், முன்பருவக் கல்வியும். 2021இலிருந்து கைபேசியில் ‘போஷன் டிராக்கர்’ செயலியும். ஒவ்வொரு உம்மையும் ஏறி உட்கார்ந்தது அதே ஆசிரியை மேலும் அதே உதவியாளர் மேலும்தான்.

இவ்வளவையும் செய்கிறவளுக்கு ஒன்றிய அரசு தருவதன் பெயர் மதிப்பூதியம். ஊதியத்துக்கு முன்னால் மதிப்பு வந்துவிட்டால் ஊதியம் குறையும் என்பது பெண்களின் உழைப்பில் பழைய விதி. 2018 அக்டோபரில் அந்தத் தொகை பணியாளருக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. பல மாநிலங்களைவிட இது மேல்தான். ஆனாலும் ‘சிறப்பு’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு வெறும் காலமுறை ஊதியம் கொடுங்கள் என்றுதான் அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். அடைமொழிகளில் எது உயர்த்தும், எது தாழ்த்தும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியது. அவர்கள் இதைப் பணியிறக்கம் என்று எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். பணிவிதி நோக்கில் அவர்கள் வாதத்துக்கு ஆதாரம் இருந்திருக்கலாம். எனக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. ஒன்றாம் வகுப்புக்குக் கற்பிப்பது ஆசிரியம், அதற்கு ஒரு வயது குறைந்த குழந்தைக்குக் கற்பிப்பது இறக்கம். குழந்தை சிறியதாக ஆக, அதைத் தூக்கும் கையின் விலையும் சிறியதாகிறது.

கிண்டியிலிருந்து அடையாறு பக்கம்தான். விளையாட்டு வழிக் கல்வி என்றதும் நம் ஊரில் எல்லோரும் உச்சரிக்கும் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அங்கே, பிரம்மஞான சபையின் அழைப்பில், ஆசிரியப் பயிற்சி நடத்த வந்தார். வயது அறுபத்தொன்பது. அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ‘எதிரி நாட்டவர்’ ஆனார். ஊருக்குத் திரும்ப முடியாமல் 1946 வரை அடையாறும் கோடைக்கானலுமாக இந்தியாவிலேயே இருந்தார். நம் பலகைகள் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘விளையாட்டு’ என்று எழுதினாலும், குழந்தை செய்வதை அவர் ‘வேலை’ என்றே சொன்னார். பொம்மையை ஒதுக்கிவிட்டு, நிஜக் குவளையில் நிஜத் தண்ணீரை ஊற்றவே குழந்தை விரும்புகிறது என்று கண்டவர் அவர். குழந்தையின் செயலுக்கு உழைப்பின் கண்ணியத்தைத் தந்த அந்த முறையில் ஆசிரியைக்கு வாய்த்த இடம் பின்னால் ஒதுங்கி நிற்பது, தெரியாமல் இருப்பது.

1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய முதல் மையத்தின் பெயர் ‘குழந்தைகள் வீடு’. வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் கட்டடத்தைக் கெடுக்கிறார்கள் என்பதால் கட்டட நிறுவனம் கொடுத்த அறை அது. அங்கே நாள் முழுதும் குழந்தைகளோடு இருந்தது ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத ஓர் உழைக்கும் பெண். மாண்டிசோரியின் சொந்தக் குழந்தை மரியோ 1898இல் மணமாகாமல் பிறந்தவர். நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுக்கப்பட்டார். உலகக் குழந்தைகளைப் பற்றிச் சிந்திக்க அவருக்கு நேரம் கிடைத்ததற்குப் பின்னாலும் ஒரு செவிலி இருந்தாள். மரியோ அவரோடு சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் சிறைவைக்கப்பட்டு, 1940 ஆகஸ்ட் 31ஆம் தேதி, தாயின் எழுபதாம் பிறந்தநாளில் விடுவிக்கப்பட்டார். வைசிராயின் செய்தி அவரை மகன் என்றே குறித்தது. அதுவரை வெளியுலகுக்கு அவர் உறவுப்பிள்ளை அல்லது வளர்ப்பு மகன். ஒரு பெண் தன் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்ல நாற்பத்திரண்டு ஆண்டும், ஓர் உலகப்போரும், அடையாறும் தேவைப்பட்டிருக்கின்றன. இதை வைத்து அவரைக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1898இல் மணமாகாத பெண் மருத்துவர் ஒருத்திக்கு அந்தச் சமூகம் வேறென்ன வழி வைத்திருந்தது?

இந்த இரண்டையும், குழந்தையின் விளையாட்டையும் பெண்ணின் உழைப்பையும், பிரிக்காமல் பார்த்த ஒருவர் நமக்கு மிக அருகிலேயே இருந்தார். மீனா சுவாமிநாதன். 2022இல் சென்னையில் மறைந்தார். பத்திரிகைகள் பலவும் அவரை வேளாண் விஞ்ஞானியின் மனைவி என்றுதான் முதலில் எழுதின. அவர் தலைமையேற்ற குழு 1972இல் முன்பருவக் குழந்தை வளர்ச்சி பற்றித் தந்த அறிக்கைதான் பின்னால் வந்த அங்கன்வாடித் திட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்று. சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுகள் பற்றிக் கையேடு எழுதியவர், 1985இல் ஏழைப் பெண்களுக்கான குழந்தைக் காப்பக வசதிகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பெயர் ‘ஹூ கேர்ஸ்?’ ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள்: யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும், யாருக்கு என்ன கவலை என்றும். தமிழ் வாசகிகளுக்கு இன்னொரு செய்தி: இவர் ‘வாஸவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகள். 1966இல் வந்த அந்த நாவலில் அம்மா, வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் ஆசையை எழுதினார். மகள், வீட்டைவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குழந்தை எங்கே இருக்கும் என்று கேட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்கும் ஆய்வொன்றை யாராவது எழுத வேண்டும். மாணவிகள் யாரேனும் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மீனாவின் எழுத்துகளில் மூன்று பேர் எப்போதும் சேர்ந்தே வருவார்கள்: வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தை, அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளியைவிட்டு நிற்கும் அக்கா. கிண்டித் தொழிற்பேட்டையின் சந்துகளில் நடந்தால் இந்த மூவரையும் புரிந்துகொள்ளலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனத்துக்கு அதை விதித்தது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு இது பொருந்தும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்று திருகாணி பொறுக்கும், அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறைக்கு எந்த எண்ணும் பொருந்தாது. அவள் குழந்தை அங்கன்வாடிக்குப் போகும். அங்கன்வாடி பிற்பகலில் முடிந்துவிடும், பட்டறை ஆறு மணிக்குத்தான் விடும். இடைப்பட்ட நேரத்துக்குப் பாட்டியோ பக்கத்து வீட்டம்மாவோ அக்காவோ வேண்டும். 2002இன் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கிவிட்டு, ஆறு வயதுக்கு முந்தியவர்களுக்கு அரசு ‘முயலும்’ என்று மட்டும் சொன்னது. அந்த ‘முயலும்’ என்ற வினைக்கும் ஆறு மணிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் ஒன்பது வயதுப் பெண் குழந்தை தம்பியை இடுப்பில் இருத்திக்கொண்டு பாண்டி ஆடுகிறாள். ஒற்றைக் காலில், இருவர் எடையோடு. அவள் விளையாட்டு வழியாக என்ன கற்கிறாள் என்று எந்தப் பாடத்திட்டமும் கேட்பதில்லை.

தனியார் மழலையர் பள்ளிகளிலும் நிலைமை வேறில்லை, சுவர் வண்ணம்தான் வேறு. என் மகளுக்கு இடம் கேட்டுப்போன ஒரு பள்ளியில், இங்கே எல்லாம் விளையாட்டுதான் என்று விளக்கிய தாளாளர் அதே மூச்சில், ஆனால் டிசம்பருக்குள் எழுத வைத்துவிடுவோம் என்றார். பின்னால் நின்ற ஆசிரியைகள் காலை முதல் நின்றபடியே இருந்தார்கள். அறையில் இருந்த நாற்காலிகளெல்லாம் குழந்தைகளின் உயரத்துக்குச் செய்தவை.

அங்கன்வாடிப் பெண்களின் பணி என்ன வகைப் பணி என்பதை நீதிமன்றங்களும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் வகிப்பது அரசுப் பதவி இல்லை என்றது. 2022 ஏப்ரல் 25ஆம் தேதி, குஜராத்தைச் சேர்ந்த மணிபென் மகன்பாய் பாரியா தொடுத்த வழக்கில், 1972இன் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் பெறுவது ஊதியம்தான், அங்கன்வாடி என்பது நிறுவனம்தான், 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் செய்வது சட்டப்படியான கடமை என்று அந்தத் தீர்ப்பு படிப்படியாக நிறுவுகிறது. இலக்கிய மாணவிகள் அதை ஓர் உரைநூல் போலப் படிக்கலாம். தாய், சேவை, அர்ப்பணிப்பு என்ற சொற்களை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, அடியில் கிடந்த உழைப்பை எடுத்துக் காட்டும் உரை.

அங்கன்வாடியில் மதியச் சோறு முடிந்து பாயை விரித்தால் குழந்தைகள் தூங்குவார்கள். மணலில் ஆக்கிய சோற்றை ஆயாவுக்குப் பரிமாறிய குழந்தையும் தூங்கும். அதற்கும் முன்னால் நிஜச் சோற்றை ஆக்கி இறக்கியவர் அந்த ஆயாதான். இப்போது அவர் பாத்திரம் தேய்க்கிறார். டீச்சர் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, செயலி திறப்பதற்காக, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரத்துக்குப் போய் நிற்கிறார்.